வழியில் நிற்கும் பொதிகள்: மகளுக்கு ஒரு கடிதம்

அக்டோபர் 2020

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இணையக் கடையின் வெளிநாட்டு ஆர்டர்கள் போய்ச் சேரவில்லை, வாங்கியவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். விமானம் பறப்பது உன் கையில் இல்லையம்மா. பொதி எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதும், அவர்களுக்கு என்ன தேதி சொல்கிறாய் என்பதும் உன் கையில்தான் இருக்கின்றன. தாமதத்தைவிட, தவறான தேதியைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பதால்தான் கடைக்காரர்கள் பணத்தையும் பெயரையும் இழக்கிறார்கள்.

முதலில் காரணத்தைத் தெரிந்துகொள். கொரோனாவுக்கு முன்பு உலகின் விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானங்களின் அடித்தளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. தபால் மூட்டைகள் பெரிதும் அந்த இடத்தையே நம்பியிருந்தன. மார்ச் மாதம் பயணிகள் விமானங்கள் நின்றதும், மிச்சமிருந்த சரக்கு விமானங்களில் முகக்கவசமும் மருத்துவக் கருவிகளும் முதலில் ஏறின. கட்டணமும் பல மடங்கு ஏறியது. சில நாடுகளின் அஞ்சல் துறைகள் விமானத் தபாலையே கப்பலிலும் ரயிலிலும் ஏற்றி அனுப்பின. ஆகவே விமானக் கட்டணம் கட்டிய பொதி விமானத்தில்தான் போகிறது என்று யாருக்கும் உறுதி சொல்லாதே.

இனி டிராக்கிங். பொதி நிற்கக்கூடிய இடங்கள் மூன்று. எந்த இடம் என்பதைப் பொறுத்து நீ செய்ய வேண்டியது முற்றிலும் மாறும்.

ஒன்று, நம் நாட்டுப் பரிமாற்ற அலுவலகம், அதாவது வெளிநாட்டுத் தபாலை மூட்டை கட்டி அனுப்பும் அஞ்சல் அலுவலகம். அங்கே வந்து சேர்ந்ததாகப் பதிவு இருக்கிறது, புறப்பட்டதாகப் பதிவு இல்லை என்றால், அந்த நாட்டுக்குச் சேவை நிறுத்தப்பட்டிருக்கலாம் அல்லது மூட்டை கட்டும் அளவுக்கு விமான இடம் கிடைக்காமல் இருக்கலாம். அஞ்சல் துறை வெளியிடும் நாடுகளின் பட்டியலை உடனே பார். சேவை நிறுத்தம் என்றால் பொதி உனக்கே திரும்பி வரக்கூடும். காத்திருப்பதில் பயனில்லை, வாங்கியவரிடம் அன்றே பேசிவிடு.

இரண்டு, ‘புறப்பட்டது’ என்ற பதிவுக்கும், சேரும் நாட்டில் ‘வந்தது’ என்ற பதிவுக்கும் இடைப்பட்ட மௌனம். இதைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். ‘புறப்பட்டது’ என்றால் விமானம் ஏறிவிட்டது என்று பொருளில்லை. உன் பொதி ஒரு மூட்டைக்குள் போடப்பட்டு, மூட்டை மூடப்பட்டு, விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படுகிறது என்பது மட்டும்தான். அதன்பிறகு அந்த மூட்டை விமான நிலையக் கிடங்கில் வாரக்கணக்கில் கிடந்தாலும், உள்ளே இருக்கும் பொதியை யாரும் தனித்தனியாக ஸ்கேன் செய்வதில்லை. மூட்டையைச் சேரும் நாட்டில் பிரிக்கும்போதுதான் அடுத்த பதிவு வரும். இந்த ஆண்டின் தாமதத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் விழுகிறது. இங்கே மௌனம் நீள்வதால் மட்டும் பொதி தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

மூன்று, சேரும் நாட்டுக்குள். ‘வந்தது’ என்று பதிவான பிறகு நின்றால் சுங்கம் அல்லது உள்ளூர் ஆள் பற்றாக்குறை. இங்கே உன்னைவிட வாங்கியவரால்தான் அதிகம் செய்ய முடியும். டிராக்கிங் எண், இன்வாய்ஸ், சுங்கப் படிவத்தின் நகல் மூன்றையும் அவருக்கு அனுப்பி, தன் ஊர் அஞ்சலகத்தில் கேட்கச் சொல். வரி கட்டச் சொல்லி வந்த சீட்டு அவர் வீட்டுத் தபால்பெட்டியிலேயே கிடக்கலாம்.

எண் வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் எண்ணையே சரிபார். உலக அஞ்சல் ஒன்றியத்தின் வடிவத்தில் மொத்தம் 13 குறிகள்: இரண்டு எழுத்து, எட்டு இலக்கம், ஒரு சோதனை இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. எட்டு இலக்கங்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11 இலிருந்து கழித்தால் சோதனை இலக்கம் கிடைக்கும். 47312482 என்றால் கூட்டுத்தொகை 200, மீதி 2, சோதனை இலக்கம் 9. விடை 10 என்று வந்தால் 0, 11 என்று வந்தால் 5. ஒரு இலக்கத்தைத் தவறாகத் தட்டியிருந்தால் பெரும்பாலும் இதில் அகப்பட்டுவிடும்.

அடுத்தது தேதி. சராசரி நாளைப் பார்த்துத் தேதி சொல்லாதே. சராசரியைச் சொன்னால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நீ வாக்குத் தவறியவளாகிவிடுவாய். ஒவ்வொரு நாட்டுக்கும் கடைசியாகப் போன 20 பொதிகளை எடு. எத்தனை நாளில் சேர்ந்தன என்று சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கு. 18 ஆவது எண் 41 என்றால், இருபதில் பதினெட்டு 41 நாளுக்குள் சேர்ந்துவிட்டன என்று பொருள். கொஞ்சம் கூட்டி 45 நாள் என்று சொல். இன்னும் சேராத பொதிகளை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதே. அவற்றை வரிசையின் கடைசியில் வை, இல்லையென்றால் கணக்கு உன்னையே ஏமாற்றும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பி. அந்த நாளை விற்பனைப் பக்கத்தில் எழுதினால் மட்டும் போதாது, இணையக் கடையின் செட்டிங்ஸிலும் நாடு வாரியாக மாற்று. பல இணையச் சந்தைத் தளங்களில் வாங்கியவர் புகார் செய்யும் காலம், நீ கொடுத்த கடைசிச் சேரும் தேதியிலிருந்துதான் எண்ணப்படுகிறது. சேவை நிறுத்தப்பட்ட நாடுகளை மூடிவிடு. அந்த ஆர்டர் உனக்கு வேண்டாம்.

நாள் நீளமாகச் சொன்னால் விற்பனை குறையும் என்று பயப்படுவாய். கொஞ்சம் குறையும்தான். ஆனால் 45 நாள் என்று தெரிந்தே வாங்கியவர் முப்பதாம் நாள் சண்டைக்கு வரமாட்டார்.

அவர்கள் கேட்கும் முன்பே நீ எழுது. பொதி போட்ட அன்று ஒரு முறை, சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பு ஒரு முறை. அதில் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: எந்த நாளில் அனுப்பினாய், கடைசியாக எங்கே பதிவானது, ஏன் நிற்கிறது, எந்தத் தேதிக்குள் சேராவிட்டால் நீ என்ன செய்வாய். ‘விரைவில் வந்துவிடும்’ என்று எழுதாதே, அந்த வார்த்தையை இப்போது யாரும் நம்புவதில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, மறுபடி அனுப்புவதா? விலை குறைந்த பொருள் என்றால், சொன்ன தேதி தாண்டியதும் மறுபடி அனுப்பிவிடு. அதே சேவையில் அனுப்பினால் அதுவும் அதே வரிசையில்தான் போய் நிற்கும், வேறு வழியில் அனுப்பு. விலை உயர்ந்தது என்றால் அஞ்சலகத்தில் விசாரணை மனு கொடு. பொதி போட்ட மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ரசீது, எண், உள்ளே இருந்த பொருள், மதிப்பு எல்லாம் கேட்பார்கள், ரசீதுகளைத் தேதி வாரியாக வைத்திரு. இழப்பீட்டை மட்டும் நம்பி இராதே. இயற்கைப் பேரிடர் போன்ற தவிர்க்க முடியாத காரணங்களுக்கு அஞ்சல் துறைகள் பொறுப்பேற்பதில்லை, வெறும் தாமதத்துக்கும் பொதுவாக எதுவும் கிடைக்காது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். பேபாலில் பணம் கட்டியவருக்குப் புகார் திறக்க 180 நாள் உண்டு. ஒருமுறை மூடிய புகாரைத் திரும்பத் திறக்க முடியாது. ‘மூடிவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவரை மூடச் சொல்வது அவருடைய பாதுகாப்பைப் பறிப்பது. நீ அதைச் செய்யாதே. 180 நாள் வரை நேரம் இருக்கிறது என்பதை நீயே எடுத்துச் சொன்னால், பலர் பொறுமையாகக் காத்திருப்பார்கள். அதேபோல, தளம் உன் கணக்கில் பணம் போட்டுவிட்டது என்பதற்காக அதை முழுவதும் செலவழித்துவிடாதே. வழியில் இருக்கும் பொதிகளின் மதிப்பை ஒவ்வொரு வாரமும் கூட்டிப் பார், அதில் ஒரு பங்கு எப்போதும் கையில் இருக்கட்டும்.

கூரியர் பற்றிக் கேட்டிருந்தாய். சொந்தச் சரக்கு விமானம் வைத்திருக்கும் நிறுவனங்கள் தபாலைவிட நிலையாக ஓடுகின்றன. ஆனால் நெருக்கடிக் கால மேல்கட்டணம் அடிக்கடி மாறுகிறது, பழைய கட்டணத்தை வைத்து விலை போடாதே. பெட்டியின் அளவும் காசுதான்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுப்பார்கள். 30, 20, 15 என்ற பெட்டிக்குள் அரைக் கிலோ சரக்கு இருந்தாலும் 1.8 கிலோவுக்குக் கட்ட வேண்டும். நேரத்துக்குச் சேராவிட்டால் பணம் வாபஸ் என்ற உத்தரவாதத்தையும் பெரிய நிறுவனங்கள் இந்த ஆண்டு நிறுத்திவைத்தன. தொற்றுப் பயத்தால் பல இடங்களில் கையெழுத்தும் வாங்குவதில்லை. ‘வரவில்லை’ என்று தகராறு வந்தால் காட்டுவதற்கு, ஒப்படைத்த இடத்தின் பதிவையோ புகைப்படத்தையோ கேட்டு வாங்கி வை.

பொதி வாரக்கணக்கில் கிடங்கில் கிடக்கும் என்று நினைத்துக் கட்டு. பொருளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையை ஒட்டி மூடு, ஈரம் ஏறாது. சூட்டில் அச்சாகும் தெர்மல் லேபிள் வெயிலில் மங்கும், வெப்பத்தில் கருத்துப்போகும், லேசர் அச்சு நல்லது. பெட்டிக்குள்ளும் இரு முகவரிகளோடு ஒரு சீட்டு போடு.

சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்றோ வெறும் ‘துணி’ என்றோ எழுதாதே. ‘பருத்தி மேசை விரிப்பு, 2, 450 கிராம்’ என்று எழுது, பொருளின் வகையைச் சுங்கத்துக்குக் காட்டும் உலகப் பொது எண்ணான ஆறு இலக்க எச்எஸ் குறியீட்டையும் சேர். மதிப்பும் இன்வாய்ஸும் ஒன்றாக இருக்கட்டும். சிஎன் 22 படிவம் 2 கிலோ வரையுள்ள சிறு பொதிகளுக்கு. மதிப்பு 300 எஸ்டிஆரை (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) தாண்டினால் சிஎன் 23. சானிடைசரில் ஆல்கஹால் இருப்பதால் அதை வெளிநாட்டுத் தபாலில் போடக் கூடாது, அன்பளிப்பாகக்கூட உள்ளே வைத்துவிடாதே.

இதில் ஒரு அவசரமும் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி இந்த டிசம்பர் 31 க்குள், அங்கே போகும் சரக்குப் பொதிகள் அனைத்துக்கும், யார் யாருக்கு என்ன அனுப்புகிறார் என்ற விவரம் மின்னணு முறையில் முன்கூட்டியே போயாக வேண்டும். கையால் எழுதிய படிவத்தோடு நிறுத்திக்கொண்டால் பொதி மறுக்கப்படலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையுள்ள பொருளுக்கு இருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கு 2021 ஜூலை 1 அன்று முடிகிறது. இரண்டையும் இப்போதே உன் விற்பனைப் பக்கங்களில் கவனித்துக்கொள்.

சேராமல் நிற்கும் பொதிகளின் எண்களையும், போட்ட தேதிகளையும், கடைசிப் பதிவையும் ஒரு பட்டியலாக்கி எனக்கு அனுப்பு. ஐந்து மாதம் தாண்டியவற்றை மேலே எழுது. விசாரணைக் கெடு முடிவதற்குள் அவற்றுக்கு முதலில் மனு எழுதுவோம்.

அன்புடன்,
அப்பா