தாய் மரணத் தணிக்கை: தண்டனை போதும், பாடத்தை வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

கர்ப்பத்திலோ பிரசவத்திலோ, பிள்ளை பெற்ற 42 நாளுக்குள்ளோ ஒரு தாய் இறந்தால் காரணத்தைத் தேடிப் போகும் வழக்கத்தை நம் தமிழ்நாடு 1994லேயே தொடங்கிவிட்டது. வலி எப்போது வந்தது, வண்டி எப்போது கிடைத்தது, எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று இறந்தவர் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டு எழுதுவோம். இரவிலும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், 108, சிக்கலான பிரசவத்தை இரவு பகலாகப் பார்க்கும் சீமாங் மையம் எல்லாம் சேர்ந்துதான் 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைக்கு 54 தாய் மரணம் என்ற அளவுக்கு வந்தோம். நாட்டின் சராசரி அப்போது 97. கேரளத்தில் 19.

அந்த 19க்கும் 54க்கும் நடுவே பல காரணங்கள் உண்டு. நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

தணிக்கைக் கூட்டத்தில் முதல் கேள்வி "என்ன நடந்தது?" என்று வராது. "டியூட்டியில் யார்?" என்றுதான் வரும். அந்தச் சிஸ்டர் எழுந்து நிற்பார். அப்புறம் மெமோ, இடமாற்றம். இதைப் பார்த்தவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? ஓர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இறந்த தாயின் பார்ட்டோகிராஃப் தாளை, அதாவது பிரசவ வலியின்போது அவ்வப்போது பார்த்துக் குறிக்க வேண்டிய தாளை, ஒரே பேனாவால், ஒரே மூச்சில் நிரப்பியதை நான் பார்த்திருக்கிறேன். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்ததாக எழுதிய பிபி எல்லாம் 120/80. அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த நிபுணர் வந்து என்ன கண்டுபிடிப்பார்?

இன்னொன்று, ரெஃபரல், அதாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. நம் இடத்தில் இறந்துவிடக் கூடாது என்ற பயத்தில், அங்கேயே பார்க்கக்கூடிய பிரசவத்தையும் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். ரத்தப்போக்குள்ள தாய்க்கோ வழியில் போகும் ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

இங்கிலாந்தில் 1952 முதல் பெயர், ஊர் நீக்கி இந்த மரணங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிடுகிறார்கள். கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் அரசோடு சேர்ந்து இதையே செய்கிறது. யார் என்று தெரியாததால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறார்கள். வேண்டுமென்றே அலட்சியம் காட்டியவரைத் தண்டியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அதற்கு வேறு விசாரணை இருக்கட்டும். இரண்டும் ஒரே மேசையில் வேண்டாம்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாலு பக்கத்தில், எளிய தமிழில் ஒரு தாள் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வரட்டும். மாவட்டத்தின் பெயர்கூட அதில் வேண்டாம். எத்தனை மணிக்கு ரத்தம் போக ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு ரத்தம் ஏற்றப்பட்டது, நடுவில் எங்கே தாமதம் என்பது இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கிராம சுகாதார செவிலியர்