நான்சி வில்சனை எப்படி விட்டீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஜாஸ் பாடகிகள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். பில்லி ஹாலிடே, எலா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான் மூவரையும் நன்றாக எழுதியிருந்தார்கள். ஆனால் அமெரிக்கப் பாடகி நான்சி வில்சன் பெயர் ஒரு வரியில்கூட இல்லையே! சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை), பாப் என்று கிடைத்ததையெல்லாம் பாடியவர் என்பதாலேயே அவரை ஜாஸ் கணக்கில் சேர்க்கப் பலருக்கு மனம் வருவதில்லை.

ஒஹாயோவில் 1937இல் பிறந்தவர். சாக்சஃபோன் மேதை கேனன்பால் ஆடர்லி சொன்னதைக் கேட்டு 1959இல் நியூயார்க் போனார். பகலில் அலுவலக வேலை, இரவில் கிளப்பில் பாட்டு. சீக்கிரமே கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1962இல் ஆடர்லியோடு சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்தில் ஏறக்குறைய பாதிதான் அவர் பாடியது, மீதி வாத்திய இசை. ஜாஸ் தெரியாதவர் ஆடர்லியின் ஜாஸ் குழுவோடு ஈடுகொடுத்திருக்க முடியுமா?

அவருடைய ‘கெஸ் ஹூ ஐ சா டுடே’ பாடலைக் கேளுங்கள். தாமதமாக வீடு திரும்பும் கணவனிடம் மனைவி அன்று ஊருக்குள் போய்வந்த கதையைச் சொல்கிறாள். ஓட்டலில் ஒரு காதல் ஜோடியைப் பார்த்தாளாம். அந்த ஆண் யார் என்பது கடைசி வரியில்தான் வருகிறது. வேறு யாராவது பாடினால் அங்கே அழுது தீர்த்திருப்பார்கள். நான்சி குரலை உயர்த்தாமலே கணவனைக் கூண்டில் ஏற்றிவிடுகிறார். ஜாஸ் ஆனாலும் சரி, சோல் ஆனாலும் சரி, எதைப் பாடினாலும் இப்படிக் கதை சொல்வதுதான் அவர் பாணி.

1964இல் வந்த ‘ஹவ் கிளாட் ஐ ஆம்’ பாட்டுக்கு சோலுக்கு நெருங்கிய ரிதம் அண்ட் புளூஸ் பிரிவில் கிராமி இசை விருது கிடைத்தது. சரி, அப்போதே ஜாஸை விட்டுவிட்டார் என்கிறீர்களா? நாற்பது வருடம் கழித்து, 2005லும் 2007லும், ஜாஸ் ஆல்பத்துக்கான கிராமியையே வாங்கினார். இடையில் என்பிசி தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி. அப்புறம் அமெரிக்கப் பொது வானொலியில் ‘ஜாஸ் புரொஃபைல்ஸ்’ தொகுப்பாளர். 2004இல் அமெரிக்க அரசின் ‘ஜாஸ் மாஸ்டர்’ விருதும் வந்தது. 2018இல் காலமானார்.

அடுத்து சோல் பாடகிகளைப் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அங்கேயும் ‘இவர் ஜாஸ் பாடகி ஆயிற்றே’ என்று அவரை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்