காட்ஸ்வோல்ட்ஸ் கல்வீட்டுக்காரர்களுக்கு

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் பழைய பண்ணைவீடுகளை வாங்கியிருப்பவர்களுக்கும் வாங்கப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

பழுது பார்க்கத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: சிமென்ட் மூட்டையை வீட்டுக்குள் விடாதீர்கள்.

உங்கள் சுவரில் உள்ளே ஒரு வரிசை கல், வெளியே ஒரு வரிசை கல், நடுவில் சில்லும் காரையும் போட்டு நிரப்பியிருப்பார்கள். இரண்டையும் பிணைக்க அங்கங்கே நீளக் கற்கள் குறுக்கே ஓடும். மொத்தம் அரை மீட்டர் கனம் இருக்கும். மழையில் அது கொஞ்சம் நனையும், காற்றிலும் வெயிலிலும் காயும். உள்ளே போன ஈரம் வெளியே வருவது பெரும்பாலும் கல்லிடுக்கில் உள்ள சுண்ணாம்புக் காரை வழியாகத்தான். அதைச் சிமென்டால் அடைத்துவிட்டால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து, கல்லின் முகத்தைப் பெயர்த்துவிடும். அங்குள்ள சுண்ணாம்புக்கல் மென்மையானது. கல் குழிந்துபோய்ச் சிமென்ட் கோடுகள் மட்டும் புடைத்து நிற்கும் சுவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. காரை உதிர்ந்தால் திரும்பப் பூசலாம். கல்லுக்கு என்ன செய்வது? இன்று எங்கும் புழங்கும் சிமென்டான போர்ட்லேண்ட் சிமென்ட் காப்புரிமை பெற்றதே 1824-இல்தான். உங்கள் வீடுகளில் பல அதைவிட இருநூறு ஆண்டு மூத்தவை.

உறைபனியின் பலம் அந்தக் காலத்துக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் ஸ்டோன்ஸ்ஃபீல்டில் வெட்டியெடுத்த கல்லை ஈரம் காயாமல் குளிர்காலம் முழுக்க வெளியே கிடத்தி, பனியையே உளியாக்கிப் பிளந்து கூரைக்கல் எடுத்தார்கள். இறவாணத்தில் பெரிய கல், முகட்டை நெருங்க நெருங்கச் சின்னக் கல். ஒவ்வொன்றையும் ஓக் மரத்தில் செதுக்கிய முளையில் (மர ஆணியில்) தொங்கவிட்டார்கள். முளை மக்கினாலும் பெரும்பாலான கற்கள் நன்றாகவே இருக்கும். இறக்கி, தேறியதைப் பொறுக்கித் திரும்ப ஏற்றுங்கள். கான்கிரீட் ஓட்டுக்கு மாறிவிடாதீர்கள்.

அதே ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் உள்ள கெல்ம்ஸ்காட் மேனரை ஒருமுறை பாருங்கள். 1600 வாக்கில் ஒரு பண்ணைக் குடும்பம் கட்டிய வீடு. வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் 1871-இல் அதை வாடகைக்கு எடுத்தார். பழைய கட்டடங்களைக் காக்க 1877-இல் ஒரு சங்கம் (Society for the Protection of Ancient Buildings) தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது, ஆலோசனையும் தருகிறது. கேளுங்கள்.

சரி, ஏற்கெனவே சிமென்ட் பூசிய சுவராக இருந்தால்? மெஷின் வைத்து அறுக்க விடாதீர்கள், கல்லின் ஓரம் சிதைந்துவிடும். தளர்ந்த இடத்தில் மட்டும் கை உளியால் மெல்ல எடுக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையே பிடியுங்கள். அப்புறம், குளிர் தொடங்க நிறைய நாள் இருக்கும்போதே பூச்சை முடித்துவிடுங்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். அதற்குள் பனி பட்டால் அத்தனையும் பொடிந்து கொட்டிவிடும்.