41 வயதில் பேசிப் பழகுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளின் திக்குவாய் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்கும் திக்கல் பெரும்பாலான பிள்ளைகளுக்கு விலகிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால், விலகாமல் தங்கிப்போனவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் அப்படி இருக்கிறோம்.

பாம்பனில் மீன் ஏலக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஏலம் கூறுவது என் தந்தையின் தொழில்; விலையை மூச்சுவிடாமல் அடுக்கிச் சொல்ல வேண்டிய அந்த வேலைக்கு அஞ்சியே நான் கணக்கு நோட்டின் பின்னால் அமர்ந்தேன். 'ப' என்று தொடங்கினால் என் உதடுகள் ஒட்டிக்கொண்டு பிரியாது. ஆகவே ராமநாதபுரத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்து, பாம்பனிலேயே இறங்கிவிடுவேன். சொந்த ஊரின் பெயரைச் சொல்லாமலிருக்கப் பல ஆண்டுகள் கூடுதல் கட்டணம் கொடுத்திருக்கிறேன். சிறுவயதில் வசம்பை உரைத்து நாக்கில் தடவினார்கள். கூழாங்கல்லை வாயில் அடக்கிப் பேசச் சொன்னார்கள். பெற்றவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, வேறு வழி சொல்ல அன்று யாரும் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தந்தை இறந்த செய்தியைத் தொலைபேசியில் சொல்ல முடியாமல் நான் திணறியபோது, சிக்னல் சரியில்லை என்று எண்ணி அத்தை இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்த மாதமே பயிற்சி தேடினேன். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் 18 வயது வரையுள்ளவர்களுக்கானவை என்பதால், எட்டு சனிக்கிழமைகள் மதுரையில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் சென்றேன். திக்கலை அடியோடு போக்குவேன் என்று அந்தப் பயிற்சியாளர் வாக்குக் கொடுக்கவில்லை. அதனாலேயே அவரை நம்பினேன். வராத சொல்லை மாற்றிச் சொல்லித் தப்பாமல் இருக்கவும், உதடுகளை அழுத்தாமல் மெல்லத் தொட்டு ஒலியைத் தொடங்கவும், தேநீர்க் கடையில் வேண்டுமென்றே திக்கிப் பேசி அந்த அச்சத்தைப் பழக்கவும் கற்றுக்கொடுத்தார். இன்றும் திக்குகிறேன். ஆனால் இப்போது பாம்பனுக்கே டிக்கெட் கேட்கிறேன். சொல் வந்து சேரும்வரை நடத்துநர் காத்திருக்கிறார்.

2022இல் தொடங்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் வாரம் ஒரு நாளாவது பெரியவர்களுக்கென்றே பேச்சுப் பயிற்சி நடத்த வேண்டும், தொடர் பயிற்சியைக் கைப்பேசிக் காணொளி வழியாகத் தர வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கடைக்கு மீன் இறக்கும் விசைப்படகுகளில் திக்குவாய் உள்ள இளைஞர்கள் இருவர் இருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவர்களுக்கு ஓய்வு உண்டு. அந்த 61 நாட்களில் மதுரை வரை போய்வரக் கையில் பணம் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.