வானத்தில் கை வைக்கும் முன் எங்களைக் கேளுங்கள்

இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கலாம் என்ற யோசனை ஆய்வுக்கூடத்தைத் தாண்டி முதலீட்டாளர்களிடம் போய்விட்டது. 2022இல் ‘மேக் சன்செட்ஸ்’ என்ற அமெரிக்க நிறுவனம் வானில் ஒளியைத் திருப்பி அனுப்பும் துகளாக மாறும் கந்தக டை ஆக்சைடு அடைத்த பலூன்களை மெக்சிகோவில் பறக்கவிட்டது. அந்நாட்டு அரசுக்கு முன்கூட்டிச் சொல்லவே இல்லை. 2023 ஜனவரியில் இத்தகைய சோதனைகளுக்குத் தடை கொண்டுவரப்போவதாக மெக்சிகோ அறிவித்தது. 2025இல் ‘ஸ்டார்டஸ்ட்’ என்ற நிறுவனம் இதே நோக்கத்துக்காக 6 கோடி டாலர் திரட்டியிருக்கிறது. இந்தியா எந்தப் பக்கம் நிற்கிறது என்று சாதாரணக் குடிமக்களுக்குப் புரியும்படி நீங்கள் சொல்ல வேண்டும்.

இதை ஆதரிப்பவர்கள் பிலிப்பைன்ஸின் பினட்டூபோ எரிமலையைச் சான்றாகக் காட்டுகிறார்கள். 1991 ஜூனில் அது கக்கிய கந்தகம் உலகச் சராசரி வெப்பத்தை ஏறக்குறைய அரை டிகிரி குறைத்தது. உண்மைதான். ஆனால் அடுத்த ஆண்டு உலகெங்கும் நிலத்தில் பெய்த மழையும் ஆறுகளில் ஓடிய நீரும் குறைந்தன. கோடையில் நிலம் கடலைவிட அதிகமாகச் சூடேறுவதால்தான் ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வெயிலை மங்கவைத்தால் அந்த இழுவிசையும் தளரலாம். ஆசிய, ஆப்பிரிக்கக் கோடைப் பருவமழை பலவீனமாகக்கூடும் என்று அமெரிக்கக் காலநிலை விஞ்ஞானி ஆலன் ரோபாக் குழுவின் கணினி மாதிரி 2008இலேயே காட்டியது. எல்லா மாதிரிகளும் ஒரே அளவைச் சொல்வதில்லை; சந்தேகம் இருக்கும் இடத்தில்தான் அவசரம் கூடாது. குடகில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காது, குறுவை போய்விடும். எங்கோ ஒரு நாடு எடுக்கும் முடிவால் அது நேர்ந்தால் நஷ்டஈடு யாரிடம் கேட்பது? இயற்கையாகப் பொய்த்ததா, செயற்கையாகப் பொய்த்ததா என்று எந்த நீதிமன்றம் பிரித்துச் சொல்லும்?

வெயிலை மங்கவைப்பது மட்டுமல்ல, கடலை மாற்றிப் பார்ப்பதும் இத்தகைய முயற்சிதான்; அதில் நம் நாடும் வெறும் பார்வையாளர் இல்லை. 2009இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து ‘லோஹாஃபெக்ஸ்’ சோதனையை நடத்தின. ‘போலார்ஷ்டெர்ன்’ கப்பலில் போய், தென் பெருங்கடலில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு சல்பேட்டைக் கரைத்தார்கள். இரும்புச்சத்து கிடைத்தால் பாசி பெருகும், அது கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு ஆழத்துக்குப் போகும் என்பது எதிர்பார்ப்பு. பாசி பெருகவும் செய்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா போதாததால், சிலிக்காவால் ஓடு கட்டும் டயட்டம் வகைப் பாசி வளரவில்லை. மற்ற பாசிகளைத் துடுப்புக்காலி எனும் இறால் இனத்துச் சிற்றுயிர்கள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போன கரிமம் மிகக் கொஞ்சம். கடலுக்குள் நடப்பது நம் கணக்குக்கு அடங்காது என்பதை மறைக்காமல் வெளியிட்ட அந்த விஞ்ஞானிகளை நான் மதிக்கிறேன். ஆனால் கப்பல் கிளம்பிய பிறகே ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆட்சேபித்ததும், அந்நாட்டு ஆராய்ச்சி அமைச்சகம் சோதனையை நிறுத்திவைத்து மறுபரிசீலனை செய்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த விவாதம் கப்பல் புறப்படும் முன்பே, இரு நாட்டு மக்களின் முன்னிலையில் நடந்திருக்க வேண்டும்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கோவிந்தசாமி பாலா போன்றவர்கள் கணினி மாதிரிகளில் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலைக்கு அரசுப் பணம் இன்னும் தாராளமாகப் போகட்டும். நம் மழையைப் பற்றிய கேள்விகளை நாமே கேட்காவிட்டால், விடையை ஹார்வர்டிலிருந்துதான் வாங்க வேண்டியிருக்கும்.

திறந்தவெளிச் சோதனை என்றால் கதை வேறு. 2021இல் ஹார்வர்டு குழு ஸ்வீடனின் கிருனாவில், துகள் எதையும் தூவாமல் கருவிகளை மட்டும் சோதிக்க ஒரு பலூனை அனுப்பத் திட்டமிட்டது. தங்களைக் கேட்கவில்லை என்று அப்பகுதியின் ‘சாமி’ எனும் பழங்குடி மக்களின் பேரவை எதிர்த்தது, பறப்பு கைவிடப்பட்டது. அவர்களுக்கு இருந்த அந்த உரிமை காவிரிப் படுகையின் உழவருக்கும் மன்னார் வளைகுடாவின் மீனவருக்கும் வேண்டும். வெயிலைக் குறைத்தாலும் கரியமில வாயு கரைவதால் கடல்நீர் அமிலமாவது நிற்காது என்பதால், பவளப்பாறைகளை நம்பி வாழும் அந்த மீனவருக்கு இதில் ஆதாயமும் குறைவு.

ஆகவே, வானிலோ கடலிலோ எந்தப் பொருளையும் தூவும் சோதனைக்கு இந்தியா பணமோ இடமோ கப்பலோ தருவதாக இருந்தால், அதன் முழு விவரத்தை முன்கூட்டியே மாநில மொழிகளில் வெளியிட்டு, பொது விசாரணை நடத்தி, மாநில அரசுகளின் ஒப்புதலையும் பெற வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு இந்த அனுமதி அறவே கூடாது. 2024இல் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் இது குறித்த தீர்மானம் உடன்பாடில்லாமல் திரும்பப் பெறப்பட்டது. மீண்டும் அது மேசைக்கு வரும்போது இந்தியா என்ன பேசப்போகிறது என்பதை நாடாளுமன்றத்தில் முன்னதாகவே வையுங்கள்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையிலிருந்து ஓர் உழவர் மகள்