நிழலை வைத்துக்கொண்டு ஆளை அழிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், வாசகர் புகைப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற படத்தைப் பற்றி எழுதுகிறேன். ஒரு நாற்சந்தி, மாலை வெயில், இரு பக்கமும் பொன்னிறத்தில் நிற்கும் கட்டிடங்கள். எடுத்தவருக்கு நல்ல கண் இருக்கிறது. வெயில் சாயும் அந்தச் சில நிமிடங்களுக்காக அவர் காத்து நின்றிருக்க வேண்டும். ஆனால் சாலையில் ஒருவர்கூட இல்லை. பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகளின் மேல் இரண்டு நிழல்கள் மட்டும் நீளமாகக் கிடக்கின்றன. அந்த நிழல்களுக்கு உரியவர்களைக் காணோம். மின்கம்பங்கள் நிற்கின்றன, கம்பிகளைக் காணோம்.

கைபேசித் திரையில் விரலால் வட்டமிட்டால் போதும். ஆளையோ கம்பியையோ அழித்துவிட்டு, சுற்றியிருப்பதைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பிவிடுகிற வசதி இப்போது பலரிடமும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தியவர்மேல் எனக்கு வருத்தமில்லை. 'படத்தின் அழகைக் கெடுக்கும் தேவையற்றவற்றை நீக்கி அனுப்பலாம்' என்று போட்டி அறிவிப்பிலேயே நீங்கள் அச்சிட்டிருந்தீர்கள். அடுத்த அறிவிப்பில் அந்த ஒரு வரி இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். ஸ்பேனர், மல்டிமீட்டர், கிரீஸ் டப்பா ஆகியவற்றோடு என் கருவிப் பையில் ஒரு சிறிய கேமராவும் துணியில் சுற்றியபடி இருக்கும். பழைய கட்டிடங்களில் லிஃப்டின் மோட்டார் அறை பெரும்பாலும் உச்சியில்தான் இருக்கும் என்பதால், என் வேலை என்னை நாள்தோறும் ஏதாவது ஒரு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் விடுகிறது. வேலை முடிந்து, மோட்டார் அறையைப் பூட்டி, கட்டிடப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரோரம் நின்று தெருவைப் பார்ப்பேன். கட்டிடத்துக்கு உள்ளே ஒருபோதும் படமெடுப்பதில்லை. பிறர் என்னை நம்பிக் கதவு திறந்துவிடுகிற இடம் அது. தெரு எல்லோருக்கும் பொது.

மேலிருந்து பார்க்கும்போது மனிதர்களைவிட அவர்களுடைய நிழல்கள் பெரியவை. கூரையில்லாத பஸ் நிறுத்தத்தில் விளக்குக் கம்பத்தின் நிழல் ஒல்லியாகத் தரையில் விழுந்திருக்கும். அதற்குள் ஒருவர் பின் ஒருவராக நான்கைந்து பேர் நிற்பார்கள். வெயில் நகர நகர நிழலும் நகரும், வரிசையும் அதனோடு நகரும். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, இப்போதும் ஒவ்வொரு முறையும் உண்டாகிறது. கீழே இறங்கி வந்தால் இரண்டு பேர் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எதிர்ப்பக்கத் தெரு முழுவதும் அவர்கள் இருவருக்கும் நடுவே அசைந்தபடி கூடவே போகும். மூடப்பட்ட கடையின் பெயர் எழுத்துகளைக் கழற்றிய சுவரில், அவை இருந்த இடம் மட்டும் வெளுப்பேறாமல் பழைய நிறத்தில் தெரியும். வண்ணம் பூசுபவர் கயிற்றுத் தொட்டிலில் ஆறாவது மாடி உயரத்தில் உட்கார்ந்து, தூரிகையை மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார். இவற்றுக்காகத்தான் எனக்குக் கேமரா. மலைக்கும் கடலுக்கும் போய்ப் படமெடுக்க எனக்கு நேரம் இல்லை. இருந்தாலும் இந்தத் தெருவைத்தான் எடுப்பேன்.

அழிப்பதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு பழைய படம் காரணம். 1838இல் பாரிஸில், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி தாகேர், மேல்மாடி ஜன்னலிலிருந்து புல்வார் து தாம்ப்ல் என்னும் சாலையைப் படமெடுத்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் காட்சி பதியப் பல நிமிடங்கள் ஆயின. பகல்நேரம், வண்டிகளும் மனிதர்களும் நிறைந்த சாலை. ஆனால் நகர்ந்தவை எதுவும் தகட்டில் பதியவில்லை. ஓரிடத்தில் காலைத் தூக்கி வைத்து, காலணிக்கு மெருகேற்றிக்கொண்டு அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். அவர் காலடியில் குனிந்திருந்த தொழிலாளியும் மங்கலாகத் தெரிகிறார். மனிதர் பதிவான முதல் புகைப்படம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். மொட்டை மாடியிலிருந்து தெருவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம் நினைவுக்கு வரும். அன்று அந்தச் சாலையில் போன மற்றவர்கள் எத்தனை பேர், எப்படி உடுத்தியிருந்தார்கள், யார் யாரோடு பேசிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் அந்தத் தகட்டின் மந்தத்தால் நமக்கு இல்லாமல் போயின.

அந்த மந்தத்தைப் போக்கத் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள். 1851இல் ஷார்ல் நேக்ர் என்பவர், புகைபோக்கி துடைப்பவர்கள் மூவர் ஆற்றோரம் நடந்துபோவதாக ஒரு படம் எடுத்தார். நடப்பதுபோல அவர்களை அசையாமல் நிற்க வைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. பிறகு வேகமாகப் பதியும் தகடுகள் வந்தன. 1888இல், நூறு படம் எடுக்கக்கூடிய சுருளை உள்ளே வைத்து ஈஸ்ட்மனின் கோடாக் கேமரா விற்பனைக்கு வந்தது. 1925இல் ஜெர்மனியின் லைப்சிக் வணிகச் சந்தையில் லைக்கா அறிமுகமானது. ஆஸ்கர் பார்னாக் உருவாக்கிய அந்தக் கேமரா சினிமா ஃபிலிமையே பயன்படுத்தியது, ஒரு சுருளுக்கு 36 படங்கள், கோட்டுப் பையில் அடங்கும் அளவு. நடந்து போகிறவரை நடக்கும்போதே, அவர் நடையைக் குலைக்காமல் எடுப்பது அதன்பின் எவ்வளவோ எளிதாயிற்று. இவ்வளவு பாடுபட்டுப் படத்துக்குள் கொண்டுவந்த மனிதரை 'தேவையற்றது' என்று நாம் ஒரு விரலால் துடைத்தெறிவது எனக்குத் தாங்கவில்லை.

தேவையற்றது எது என்பதை இன்றைக்கே தீர்மானிக்க நம்மால் முடியாது. யூஜீன் அத்ஜே என்ற புகைப்படக்காரர் கனமான மரக் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு பாரிஸின் கடை முகப்புகளையும் படிக்கட்டுகளையும் தெரு வியாபாரிகளையும் எடுத்துக்கொண்டே இருந்தார். அவற்றை ஓவியர்களுக்கு உதவும் ஆவணங்கள் என்றுதான் விற்றார், கலை என்று சொல்லவில்லை. 1927இல் அவர் இறந்தபின் பெரனீஸ் ஆபட் என்ற இளம் புகைப்படக் கலைஞர் முயன்று அவருடைய தகடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் காப்பாற்றினார். அந்தப் படங்களில் உள்ள கட்டிடங்கள் பல இடிக்கப்பட்டுவிட்டன. ஒரு கடை வாசலில் எதை எப்படித் தொங்கவிட்டிருந்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் இப்போது அத்ஜேயிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

நம் தெருக்களும் கண்முன்னே மாறிக்கொண்டிருக்கின்றன. பொதுத் தொலைபேசிக் கூண்டுகள் போய்விட்டன. கையால் எழுதிய பெயர்ப்பலகைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் கையில் செய்தித்தாள் இருந்த இடத்தில் கைபேசி வந்ததும், நிற்கும் விதமே மாறிவிட்டது. கழுத்து குனிந்து, தோள் முன்னே வந்துவிட்டது. நீங்கள் அழிக்கச் சொல்லும் மின்கம்பிகளும் ஒருநாள் மண்ணுக்கடியில் போய்விடலாம். அப்போது நம் பேரப்பிள்ளைகள் கம்பிகளோடு இருந்த வானத்தைத் தேடிப் பார்க்க ஆசைப்படுவார்கள்.

கம்பிகளையும் கூட்டத்தையும் வைத்துக்கொண்டு அழகாக எடுக்க முடியாது என்பாருக்கு ஒரு தொழிலாளியாகப் பதில் சொல்கிறேன். அது முழுக்கக் கைப்பழக்கமும் பொறுமையும் சேர்ந்த காரியம். என் கேமராவில் படத்தைப் பதியும் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவு, லென்ஸின் குவியத்தூரமும் 35 மி.மீ. வெளியே வருவதற்கு முன்பே, வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையை எஃப் 8 என்ற அளவில் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிடுவேன். ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். பிறகு ஃபோகஸைத் தேட வேண்டியதில்லை. கண் தெருவில் இருக்கலாம். ஷட்டர் வேகம் விநாடியில் 500இல் ஒரு பங்கு இருந்தால் நடப்பவரின் கால் தெளிவாக நிற்கும். சைக்கிளில் போகிறவரை எடுப்பதானால் வேகத்தை 15இல் ஒரு பங்குக்குக் குறைத்து, அவரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்ப வேண்டும். அவர் தெளிவாக நிற்பார், பின்னால் தெரு கோடுகளாக ஓடும். கை பழகும்வரை பல படங்கள் கலங்கும், பரவாயில்லை. இரவில் எல்இடி விளக்குப் பலகைகளின் கீழே எடுப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள இடங்களில் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஷட்டரை மிக வேகமாக வைத்தால் படத்தில் கருப்புப் பட்டைகள் விழும். 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பட்டைகள் மறைந்துவிடும்.

கம்பி ஒருவரின் தலைக்குக் குறுக்கே வந்தால் நான் அரையடி நகர்வேன், அல்லது முழங்காலிட்டு உட்கார்வேன். அப்போது அதே கம்பி வானத்தில் கிழித்த கோடாக மேலே ஏறிவிடும், அவர் முகம் தனித்து நிற்கும். கூட்டம் நெரிசலாக இருந்தால் இரண்டு பேருக்கு நடுவே வெளிச்சம் தெரியும் கணத்துக்குக் காத்திருப்பேன். வெளிச்சம் எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு விழும் என்று தெரிந்துகொள்வேன். இந்தக் காத்திருப்பில்தான் தெருவை உண்மையாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அழிக்கும் பொத்தானை நம்பி எடுப்பவர், வேண்டாம் என்று முடிவு செய்த எதையும் ஏறெடுத்துப் பார்க்கவே மாட்டார். இளைஞர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முன்பின் தெரியாதவர்களை அவர்கள் அறியாமல் எடுப்பது முறையா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. புகைப்படக்காரர்கள் அத்துமீறியதும் உண்டு. 1898இல் ஜெர்மனியின் முன்னாள் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் இறந்த இரவில் இருவர் அனுமதியின்றி அறைக்குள் நுழைந்து அவருடைய உடலைப் படமெடுத்தார்கள். ஒருவரின் உருவப்படத்தை வெளியிட அவருடைய ஒப்புதல் வேண்டும் என்று அந்நாட்டில் 1907இல் சட்டம் வருவதற்கு அந்தச் செயல் ஒரு காரணமாயிற்று. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆனால் மரியாதை எங்கும் ஒன்றுதான். தூங்குகிறவரையும் அழுகிறவரையும் அடிபட்டுக் கிடப்பவரையும் நான் எடுப்பதில்லை. குழந்தை என்றால் பக்கத்தில் இருக்கும் பெரியவரைப் பார்ப்பேன். அவர் தலையசைக்காவிட்டால் கேமரா மேலே வராது. ஒருவர் வேண்டாம் என்று கையை அசைத்தால், எடுத்த படத்தை அவர் கண்முன்னே முழுவதுமாக நீக்கிவிடுவேன். அடையாளம் தெரிய வேண்டாம் என்றால் முதுகுப்பக்கமிருந்து எடுக்கலாம், வெளிச்சத்துக்கு எதிரே நின்று வெறும் உருவமாக எடுக்கலாம், மேலிருந்து எடுக்கலாம். இத்தனை வழிகள் இருக்க, ஆளே நடமாடாத ஊர் என்று காட்டத் தேவையில்லை. பெரும்பாலானவர்கள் திரையில் தங்கள் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே போட்டி விதிகளில் இரண்டு மாற்றங்களைக் கேட்கிறேன். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம். படத்தில் இருந்த எதையும் நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது என்று எழுதுங்கள். ஒவ்வொரு படத்துடனும் இடம், நாள், நேரம் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்கி, படத்தின் கீழே அச்சிடுங்கள். கேமராவே தேதியைப் பதிந்து வைக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். கைபேசியில் செய்தி அனுப்பும் செயலிகள் வழியாக அனுப்பும்போது அந்தக் குறிப்பு பெரும்பாலும் கழன்றுவிடுகிறது. நான் பிரிண்ட் போடும் படங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறேன். பேனா மை நாளடைவில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். விவியன் மேயர் என்ற பெண்மணி, பிறர் வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தபடி, சிக்காகோ தெருக்களை ஆண்டாண்டு காலமாக எடுத்து வந்தார். கிட்டத்தட்ட யாருக்கும் காட்டவில்லை. பொருள்களை வைத்திருந்த கிடங்கு அறைக்கு வாடகை கட்டாததால் 2007இல் அவை ஏலத்துக்குப் போயின. அப்படித்தான் அவருடைய படங்கள் வெளியே வந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள். 2009இல் அவர் இறந்தார். வேலைக்கு நடுவே கேமராவோடு திரிகிறவன் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். அவருடைய படங்கள் ஏலம் எடுத்தவர்களால் பிழைத்தன. உங்கள் போட்டிக்கு வாரந்தோறும் வருகிற படங்களில் ஒன்றிரண்டுதான் அச்சாகின்றன. மற்றவை என்ன ஆகின்றன? அனுப்பியவர்களின் ஒப்புதலோடு, இடமும் நாளும் குறித்து, அவற்றையும் உங்கள் அலுவலகத்தில் சேமித்து வைக்க முடியுமா என்று தெரிவியுங்கள். முடியுமென்றால் அவற்றை வகை பிரித்துப் பட்டியலிட விடுமுறை நாள்களில் நான் வந்து உதவத் தயாராக இருக்கிறேன். என் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன். அவற்றை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
லிஃப்ட் பழுதுபார்ப்பவன்