தறியை வெட்டிவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவின் நெசவாளர் ஓவியங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். அம்மாப்பேட்டையில் இன்னும் கைத்தறி ஓடும் வீடு எங்களுடையது. 1884இல் நெதர்லாந்தின் நியூனன் கிராமத்தில் அவர் தறி வீடுகளில் உட்கார்ந்து வரைந்த கதை நன்றாக வந்திருந்தது. ஆனால் தறியைக் கூண்டு என்றும், நெசவாளரைக் கைதி என்றும் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. போதாததற்கு, முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று படத்தில் தறியின் பாதியை வெட்டிவிட்டீர்கள்.

அந்த நெசவாளர்கள் ஏழைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் வான்கோ முகத்தைவிடத் தறியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார். அவர்களுடையது தரைமேல் நிற்கும் மரத்தறி, எங்களுடையது காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கும் குழித்தறி. அப்படியிருந்தும் முழுப் படத்தைக் கைபேசியில் தேடிக் காட்டியதும், எது நூலை நெருக்கும் அச்சு, எது நூலை ஏற்றி இறக்கும் விழுது, துணி எந்தப் படமரத்தில் சுருள்கிறது என்று அப்பா விரல் வைத்துச் சொன்னார். "பாவு நல்லா இழுத்துக் கட்டியிருக்கான்" என்றார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டும் நூல். கூண்டை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

தம்பி தியோவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், 1730 என்று செதுக்கிய பழைய ஓக் மரத்தறியைப் பற்றி வான்கோ சொல்கிறார். அதன் பக்கத்தில் உயர நாற்காலியில் ஒரு குழந்தை உட்கார்ந்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா போய் வருவதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்குமாம். அதையும் வரைந்தார். நூல் சுற்றும் பெண்களையும் தனியாக வரைந்தார். அறைகள் சின்னவை, தள்ளி உட்கார இடமில்லை என்று குறைபட்டுக்கொண்டே வரைந்தார்.

சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோஷம். அதைப் பற்றி வரும் செய்திகளில் நான் பார்ப்பதெல்லாம் மடித்து வைத்த வேட்டி, இல்லையென்றால் கேமராவுக்காகச் சிரிக்கும் ஒருவர். நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றும் அம்மாவையோ, பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைக்க வருகிறவரையோ காணோம். அவர்கள் இல்லாமல் ஒரு முழம் நெய்ய முடியாது. சென்னை, கும்பகோணம் ஓவியக் கல்லூரி மாணவர்கள் எங்கள் தெருக்களுக்கு வந்து சில நாள் உட்கார்ந்து வரையட்டும். தறி ஓடும்போதே வரையட்டும், நாங்கள் இடம் ஒதுக்கித் தருகிறோம். அந்தப் படங்களை நீங்கள் வெளியிட வேண்டும். அப்புறம், வான்கோவின் படத்தையும் அடுத்த இதழில் வெட்டாமல் ஒரு முழுப் பக்கத்தில் போடுங்கள்.

தறிக்கார வீட்டு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்